சிவப்பைத் தாண்டி ஓடும் ரயில்: சிக்னல் படிக்கக் கற்றுக்கொண்ட அனுபவம்

ஜன்னலோர சீட் கிடைத்து, வழியில் வரும் சிக்னல்களை ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பித்தால் எல்லோருக்கும் முதலில் வரும் குழப்பம் ஒன்றுதான். நாம் உட்கார்ந்திருக்கும் ரயில் சிவப்பு விளக்குகளை வரிசையாகத் தாண்டிக்கொண்டே போகும். சீர்காழிக்கும் சென்னைக்கும் சோழன் எக்ஸ்பிரஸில் போய்வந்துகொண்டிருந்த நாட்களில் எனக்கும் இது புரியவே இல்லை. நடுப்பெட்டியிலிருந்து பார்த்தால் பச்சை என்பதே அபூர்வம். "டிரைவர் எதையும் மதிக்கிற ஆள் இல்ல போலிருக்கு" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் எளிது. இன்ஜினின் முதல் சக்கரம் சிக்னலைத் தாண்டி அடுத்த தண்டவாளத் துண்டில் ஏறியதுமே அந்த சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போய்விடும். தண்டவாளத்தில் எப்போதும் ஒரு சிறு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு டிராக் சர்க்யூட் என்று பெயர். சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும், ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் விழும், சிக்னல் சிவக்கும். சில இடங்களில் இதே வேலையை ஆக்சில் கவுண்டர் செய்கிறது. உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணி, கணக்கு சரியாக இருந்தால்தான் பாதை காலி என்று அது சொல்லும். ஆக, இன்ஜின் பச்சையைப் பார்த்துப் போகிறது, பின்னால் வரும் நாம் சிவப்பைப் பார்க்கிறோம். அந்தச் சிவப்பு நமக்குப் பின்னால் வரும் ரயிலுக்கானது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஈ.எஸ்.எம். மாமா. சிக்னல் மெயின்டெய்னரை ரயில்வேயில் அப்படித்தான் சொல்வார்கள். பாயிண்ட் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நகரும் தண்டவாளம்) மோட்டாருக்கும் ரிலே ரூமுக்கும் நடுவில் வாழ்நாளைக் கழித்தவர். சிக்னலைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். "லைட்டை அப்புறம் பாரு தம்பி. அது எந்தக் கம்பம்னு முதல்ல பாரு." அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இன்று புதிதாக யாராவது கேட்டால் நானும் அதைத்தான் சொல்கிறேன்.

சாலை சிக்னலில் பழகிய கண்ணுக்குச் சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. ரயிலில் அது பாதி உண்மைதான். ரயில் சிக்னலின் நிறம் பெரும்பாலும் அடுத்த கம்பத்தில் என்ன காத்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஒற்றை மஞ்சள் வந்தால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகு. இரட்டை மஞ்சள் வந்தால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்க வேண்டியிருக்கும், தயாராக வா. பச்சை வந்தால் முழு வேகத்தில் போகலாம். ஓடுகிற எக்ஸ்பிரஸ் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட ஆகலாம். கண்ணில் பட்ட இடத்திலேயே நிறுத்துகிற சமாச்சாரம் இல்லை என்பதால்தான் இந்த முன்னறிவிப்பு ஏற்பாடு.

இனி கம்பம். நம் ரயில்வேயில் சிக்னல் கம்பத்தில் விளக்குக்குக் கீழே சிறு வட்டத் தகடு ஒன்று இருக்கலாம். வெள்ளைத் தகட்டில் கறுப்பு 'பி' (P) இருந்தால் அது டிஸ்டன்ட் சிக்னல். ஸ்டேஷனின் முதல் நிறுத்த சிக்னல் என்ன சொல்லப்போகிறது என்று முன்கூட்டியே காட்டுவது அதன் வேலை, அது சிவப்பே காட்டாது. வெள்ளைத் தகட்டில் 'ஏ' இருந்தால் ஆட்டோமேட்டிக், அதாவது ஸ்டேஷன் தலையீடு இல்லாமல் ரயில் ஓட்டத்தாலேயே மாறும் சிக்னல். மஞ்சள் தகட்டில் 'ஜி' இருந்தால் லெவல் கிராஸிங் கேட்டைக் காக்கும் சிக்னல். 'ஐபி' (IB) என்றிருந்தால் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, இடைவெளியைப் பிரிக்க நட்டுவைத்த நிறுத்த சிக்னல். தகடே இல்லாமல் எண் மட்டும் இருந்தால் அது ஸ்டேஷன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுத்த சிக்னல். அங்கே சிவப்பு என்றால் சிவப்புதான், பேச்சுக்கே இடமில்லை.

ஒரே சிவப்புக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று கேட்கலாம். 'ஏ' தகடு உள்ள சிக்னல் சிவப்பாக இருந்தால், பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்றுவிட்டு, முன்னால் எதுவும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஊர்ந்து போக லோகோ பைலட்டுக்கு விதி அனுமதி தருகிறது. சென்னை புறநகர் ரயிலில் சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே வண்டி சும்மா நின்று, பிறகு நடை வேகத்தில் நகர்ந்தால் பயணிகள் அலுத்துக்கொள்வார்கள். பல நேரம் நடப்பது இதுதான். 'ஜி' தகட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. நேரம் காத்திருந்து, கேட் வரைக்கும் எச்சரிக்கையாகப் போய், கேட் கீப்பர் இருந்து கைச் சைகை கொடுத்தால் கடக்கலாம். தகடு இல்லாத ஹோம் சிக்னலிலோ (ஸ்டேஷனுக்குள் நுழைய விடுவது) ஸ்டார்ட்டரிலோ (ஸ்டேஷனிலிருந்து கிளம்ப விடுவது) இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டரின் முறையான அனுமதி வர வேண்டும்.

கேட் என்றதும் ஒரு ஆற்றாமை. டெல்டா பக்கம் கேட் பாதி இறங்கும்போது டூவீலரைச் சாய்த்து நுழைத்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கேட் முழுக்க அடைத்துப் பூட்டினால்தான் 'ஜி' சிக்னலைக் கேட் கீப்பரால் எடுக்கவே, அதாவது 'போகலாம்' என்று மாற்றவே முடியும். இரண்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. அந்த டூவீலர்காரரால் ஒரு எக்ஸ்பிரஸ் வயல் நடுவில் வேகம் குறைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் அதே ஆள் ஒருநாள் ரயிலில் உட்கார்ந்து லேட் என்று திட்டுவார்.

சிக்னல் படிக்கப் பழக எனக்குப் பிடித்த இடம் விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் பழைய மெயின் லைன்தான். பெயர் மெயின் லைன், ஆனால் ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் ரயில்கள் ஸ்டேஷனில்தான் விலக முடியும். அந்தக் கிராஸிங்கில் எல்லா சிக்னலும் தன் வேலையைக் காட்டும்.

நம் ரயில் லூப் லைனுக்கு, அதாவது மெயின் லைனிலிருந்து ஸ்டேஷனில் பிரிந்து மறுபடி சேரும் பக்கத் தடத்துக்கு, போகப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பி' தகடு போட்ட டிஸ்டன்ட் இரட்டை மஞ்சள் காட்டும். வேகம் குறைவது உடம்பிலேயே தெரியும். ஹோம் சிக்னல் ஒற்றை மஞ்சள், அதன் தலையில் ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக ஒரு வரிசை. அதுதான் ரூட் இண்டிகேட்டர். இடப்பக்கம் சாய்ந்தால் இடது லூப், வலப்பக்கம் சாய்ந்தால் வலது லூப். மெயின் லைனிலேயே நேராக உள்ளே வந்து நிற்பதானால் அந்த வெள்ளை விளக்குகள் எரியாது. வெறும் மஞ்சள் மட்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாயிண்டில் பெட்டி ஆடுவதற்கு முன்பே எந்தப் பக்கம் ஆடும் என்று சொல்லிவிடலாம். சாதாரண லூப் பாயிண்ட்களில் வேகம் பொதுவாக மணிக்கு 30 கிலோமீட்டர். அதனால்தான் அந்த மஞ்சள்.

உள்ளே வந்து நின்றதும் எல்லோரும் டீ தேடிப் போவார்கள். பிளாட்பாரத்தின் கோடியில் தெரியும் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். சிவப்பு. எதிர் ரயில் மெயின் லைனில் வரும். அதன் கடைசிப் பெட்டியில் பெரிய எக்ஸ் குறி, எல்வி (கடைசி வண்டி) பலகை, இரவானால் மினுங்கும் சிவப்பு விளக்கு. ஸ்டேஷன் ஊழியர்கள் அதைக் கவனிப்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. கடைசிப் பெட்டி வந்துவிட்டது என்றால்தான் முழு ரயிலும் வந்துவிட்டது, நடுவழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர், அதாவது பாதை காலி, ரயிலை அனுப்பலாம் என்ற ஒப்புதல், வாங்க வேண்டும். அது கிடைத்த பிறகுதான் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர் என்ற கடைசி நிறுத்த சிக்னலை எடுக்க முடியும். நம் லூப் ஸ்டார்ட்டர் மஞ்சளாகும். நான் பார்த்த பல ஸ்டேஷன்களில் லூப் ஸ்டார்ட்டருக்குப் பச்சையே கிடையாது, சிவப்பும் மஞ்சளும்தான். பாயிண்டைத் தாண்டித்தானே வெளியேற வேண்டும். "மஞ்சள் போட்டாச்சு, மறுபடியும் லேட்" என்று சிலர் அங்கலாய்ப்பது வீண். அங்கே மஞ்சள்தான் கிளம்பும் உத்தரவு.

ஒற்றைப் பாதையில் கிராஸிங் புரிந்துவிட்டால் தாம்பரம் பக்கம் வாருங்கள். கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு பாதையில் ஆட்டோமேட்டிக் சிக்னலிங். லைன் கிளியர் கேட்டு வாங்கும் வேலை இல்லை. ரயில்களே தங்களுக்குப் பின்னால் சிக்னலை மாற்றிக்கொண்டு போகும். புறநகர் ஸ்டேஷன் ஒன்றின் நடைமேம்பாலத்தில், வழியை மறிக்காமல் ஓரமாக நின்று, போய்க்கொண்டிருக்கும் மின்சார ரயிலின் முதுகுக்குப் பின்னால் உள்ள சிக்னலைப் பாருங்கள். முதலில் சிவப்பு. ரயில் அடுத்த சிக்னலையும் அதற்கப்பால் இன்னும் 120 மீட்டரையும் முழுசாகக் கடந்ததும் மஞ்சள். இன்னொரு சிக்னல் தூரம் போனதும் இரட்டை மஞ்சள். அதற்கும் அடுத்த துண்டு காலியானதும் பச்சை. காலை நேரக் கூட்டத்தில் பச்சைக்கு வாய்ப்பே இருக்காது. இரட்டை மஞ்சள் வருவதற்குள் அடுத்த ரயில் வந்து நிற்கும். முன்னால் போகும் ரயில் இப்போது எங்கே இருக்கும் என்று ஆப் பார்க்காமலேயே சிக்னலை வைத்துச் சொல்ல முடிவது ஒரு தனி சந்தோஷம்.

அதே பாதையில் சில சிக்னல்களில் 'ஏ' என்ற எழுத்து விளக்காகவே எரியும், சில நேரம் அணைந்திருக்கும். எரிந்தால் அது ஆட்டோமேட்டிக். அணைந்திருந்தால் அப்போது ஸ்டேஷன் கையில். பாயிண்ட் உள்ள இடங்களில் இந்த ஏற்பாடு. சிவப்பைத் தாண்டலாமா கூடாதா என்பதை அந்தச் சின்ன எழுத்து தீர்மானிக்கிறது. மாமா ஏன் கம்பத்தைப் பார் என்றார் என்பது எனக்கு உறைத்தது இங்கேதான்.

விளக்குகளின் வரிசையும் சும்மா வைத்ததல்ல. நான்கு விளக்குக் கம்பத்தில் மேலிருந்து மஞ்சள், பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு அடியில் இருப்பது லோகோ பைலட்டின் கண் மட்டத்துக்கு அதுதான் கிட்டே என்பதால். இரண்டு மஞ்சளுக்கும் நடுவில் பச்சை உட்கார்ந்திருப்பதால், இரட்டை மஞ்சள் எரியும்போது நடுவில் இருட்டு இடைவெளி விழும். தூரத்திலிருந்து பார்த்தாலும் இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரியாது. அதில் ஒரு மஞ்சள் பழுதானால் என்ன ஆகும்? ஒற்றை மஞ்சளாகத் தெரியும். அதாவது இன்னும் கட்டுப்பாடான உத்தரவு. விளக்கே எரியவில்லை என்றால், அந்த சிக்னல் காட்டக்கூடியதிலேயே மிகக் கடுமையான உத்தரவைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுத்த சிக்னல் என்றால் சிவப்பு என்றே அர்த்தம். எது கெட்டாலும் ரயில் நிற்கிற பக்கமாகத்தான் கெட வேண்டும் என்பது இந்தத் துறையின் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டனில் பனி உறைந்து, கைகாட்டியின் கை 'போகலாம்' நிலையிலேயே சிக்கிக்கொண்டது. ரயில்கள் மோதின. அதற்கு முன்பு சிக்னல் சும்மா இருக்கும்போது 'போகலாம்' என்று காட்டுவது வழக்கம். அதன் பிறகுதான் சும்மா இருந்தால் 'நில்' என்ற வழக்கத்துக்கு அங்கே மாறினார்கள்.

கைகாட்டிகளை எங்கள் பக்கம் மீட்டர் கேஜ் காலத்தில் பார்த்திருக்கிறேன். "கை விழுந்துடுச்சு, ரயில் வருது" என்று ஊரே சொல்லும். கை கிடையாக இருந்தால் நில், கீழே சாய்ந்தால் போ. இழுக்கும் கம்பி அறுந்தாலும் எடைக்கட்டி கையை மறுபடி கிடைநிலைக்கே கொண்டுவந்துவிடும். சாயங்காலம் ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கோடு ஏணியில் ஏறுவார். பச்சைக்கான கண்ணாடியைப் பகலில் பார்த்தால் நீலமாகத் தெரியும். எண்ணெய்ச் சுடரின் மஞ்சளோடு சேர்ந்து ராத்திரியில் அது பச்சையாகிவிடும்.

பச்சையை நம்பினால் போதுமா? சிக்னலும் பாயிண்டும் கேட்டும் ஒன்றுக்கொன்று பூட்டப்பட்டிருப்பதைத்தான் இன்டர்லாக்கிங் என்கிறோம். பாயிண்ட் லூப் பக்கம் இருந்தால் மெயின் லைனுக்குப் பச்சை வரவே கூடாது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹனகா பஜாரில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பச்சை இருந்தது, பாயிண்ட் லூப்புக்குத் திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்ற வேலைகளில் நேர்ந்த தவறுகளை விசாரணை சுட்டிக்காட்டியது. 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையிலும் மெயின் லைனுக்கு சிக்னல் கிடைத்த பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப்பில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. இரண்டிலும் லோகோ பைலட் சிக்னலை மீறவில்லை. செய்தி வந்ததும் "டிரைவர் சிக்னலைப் பார்க்கவில்லை" என்று முதல் மணி நேரத்திலேயே எழுதிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். விளக்குக்குப் பின்னால் ரிலே ரூம், கேபிள், அதைப் பிரித்து மாட்டுகிற கைகள் என்று ஒரு பெரிய உலகம் இருக்கிறது.

யார்டுகளில் தரையோடு ஒட்டினாற்போல் இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிந்தால் அது ஷண்ட் சிக்னல். படுக்கையாக இருந்தால் நில், சாய்வாக இருந்தால் மெதுவாக நகரலாம். ஹோம் சிக்னலுக்குக் கீழே 'சி' தகட்டோடு ஒரு குட்டி மஞ்சள் இருந்தால் அது காலிங்-ஆன். ரயில் முதலில் நின்ற பிறகுதான் அதை எடுப்பார்கள், அதைப் பார்த்து எச்சரிக்கையோடு உள்ளே வரலாம். இவை இரண்டையும் பழகிய பிறகு விழுப்புரம் மாதிரி ஜங்ஷன்களில் நேரம் போவதே தெரியாது.

பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில் போகும் திசையில் இடப்பக்கம் உட்காருங்கள், நம் ஊரில் சிக்னல்கள் பெரும்பாலும் இடப்பக்கம்தான். வளைவுகளில் முன்னால் இருக்கும் சிக்னல் இன்ஜின் தாண்டுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் தெரியும். அதற்காகப் படியில் தொங்கவோ தலையை நீட்டவோ வேண்டாம், மின்கம்பங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும். சிக்னலைக் கிட்டப் போய்ப் பார்க்கிறேன் என்று தண்டவாளத்தில் நடந்தால் ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்து ரூபாய் பிளாட்பார டிக்கெட் வாங்கினால் இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம். கேமராவை எடுப்பதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரிடமோ ஆர்.பி.எஃப்.காரரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் முகம் சுளிப்பதில்லை, சிலர் கூடுதலாக ஒரு விஷயத்தைச் சொல்லியும் அனுப்புவார்கள்.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பெயர், சிக்னல் எண், தகடு, நிறம், வெள்ளை விளக்கு வரிசை எரிந்ததா, அப்புறம் ரயில் என்ன செய்தது. இந்தக் கடைசிக் குறிப்புதான் முக்கியம். நிறத்தை மட்டும் எழுதினால் ஒன்றும் விளங்காது. போனில் படம் எடுக்கும்போது சிக்னல் விளக்கைத் தொட்டு வெளிச்ச அளவைக் குறையுங்கள். இல்லாவிட்டால் சிவப்பும் மஞ்சளும் வெள்ளைப் புள்ளியாக வெளுத்துப்போய், வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எது என்ன நிறம் என்றே தெரியாது.